பந்துக்குத் தீட்டில்லை!

கிரிக்கெட் பந்தொன்றைக் கையிலெடுத்துப் பாருங்கள். உள்ளே தக்கை; அதன்மேல் இறுகச் சுற்றிய நூல்; அதற்கும் மேலே சிவப்புச் சாயம் ஏற்றிய தோல். மாட்டின் தோல்! அதை உரித்தவன் யார்? பதனிட்டவன் யார்? ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவன். உரித்த கைக்குத் தீட்டு. பதனிட்ட கைக்குத் தீட்டு. தைத்த கைக்கும் தீட்டு. ஆனால் அதே தோல், பந்தாகி, உருண்டு, மைதானத்துக்குள் வந்துவிட்டால்? உயரப் பறந்து வரும் அதனை ஓடிப்போய்ப் பிடித்துப் பூணூல் மார்போடு அணைத்துக் கொள்வதற்கு எந்தச் சாத்திரமும் தடை சொன்னதில்லை. குளிக்கச் சொன்னதில்லை, கழுவாய் தேடச் சொன்னதில்லை. தோலிலே இல்லாத தீட்டு, தோலைத் தொட்டவனிடம் மட்டும் எப்படி ஒட்டிக் கொண்டது? இந்தக் கேள்விக்கு வைதிகம் விடை சொல்லவில்லை. வரலாறு சொல்லியிருக்கிறது. அதைக் கேட்போம்.

விளையாட்டின் வழியே சமுதாயத்தை உயர்த்தலாம் என்று இன்று உலக மன்றங்கள் பேசுகின்றன. ஐக்கிய நாடுகள் அவை 2005-ஆம் ஆண்டை விளையாட்டுக்கும் உடற்கல்விக்கும் உரிய ஆண்டாக அறிவித்தது. ஏப்ரல் 6-ஆம் நாளை, வளர்ச்சிக்கும் அமைதிக்குமான விளையாட்டு நாளாக 2013-இல் குறித்து வைத்தது. ஏன் அந்த நாள்? 1896-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள்தான் ஏதென்சு நகரில் புதிய ஒலிம்பிக் பந்தயங்கள் தொடங்கின. வெற்றி வீரனுக்கு விருது, நாட்டுக்கு நற்பெயர், மனித குலத்துக்கு மகிழ்ச்சி! நல்லதுதான். ஆனால் ஏதென்சிலே கொடி பறந்த அந்தக் காலத்தில், இந்தத் துணைக்கண்டத்தின் பூனா நகரிலே, ஒரு வீரன் கூடாரத்துக்கு வெளியே நின்று மண்குவளையில் தேநீர் குடித்துக் கொண்டிருந்தான். குடித்து முடித்ததும் அந்தக் குவளை உடைபட வேண்டும். இன்னொருவர் உதடு அதில் பட்டுவிடக் கூடாது!

அந்த வீரனின் பெயர் பல்வங்கர் பாலு.

மூன்று ரூபாய் ஊழியன்

1870-களின் நடுவிலே தார்வாரில் பிறந்தவர் பாலு. பிறந்த குலம் சமார் குலம். தோல் தொழிலைத் தலையிலே சுமத்தி, தீண்டாதவர் என்ற பெயரையும் அதன்மேல் சுமத்திச் சமூகம் ஒதுக்கி வைத்த குலம். தந்தை பூனாவில் படைத்துறையில் ஊழியம் பார்த்தார். வெள்ளை அதிகாரிகள் ஆடி அலுத்து எறிந்துவிட்டுப் போன மட்டையும் பந்துமே பாலுவுக்கும் தம்பி சிவராமுக்கும் கிடைத்த முதல் பாடநூல்.

பார்சிகள் நடத்திய சங்கம் ஒன்றில் முதல் வேலை. ஆட்டக்காரனாக அல்ல, தரையைக் கூட்டவும், உருளை இழுக்கவும்! மாதம் மூன்று ரூபாய் கூலி. பின்னர் 1892-இல் வெள்ளையருக்கே உரிய பூனா கிளப்பில் சேர்ந்தார். கூலி நான்கு ரூபாயாயிற்று. ஆடுகளத்தைச் சமன் செய்வது, கோடு போடுவது, வலை கட்டுவது. இவற்றோடு, துரைமார் மட்டை பிடித்துப் பழகும்போது பந்து வீசுவதும் ஒரு வேலையாகச் சேர்ந்தது. இடக்கையால் மெல்ல வீசிய பந்து தரையில் பட்டதும் பாம்பெனத் திரும்பிற்று. ஜே. ஜி. கிரெக் என்ற பெயர் பெற்ற ஆட்டக்காரர், மற்றவர்கள் வருமுன்பே வந்து, பாலுவை வீசச் சொல்லிப் பழகுவார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா கொடுத்தார் என்று ஒரு கதையும் உண்டு.

ஆயிரமாயிரம் பந்துகள் வீசினார் பாலு. ஆனால் அந்த வலைக்குள் ஒருமுறையேனும் மட்டை பிடிக்க அவருக்கு வாய்ப்புத் தரப்படவில்லை. வீசுவது உழைப்பு, அடிப்பது உல்லாசம். உழைப்பு ஊழியனுக்கு, உல்லாசம் உயர்ந்தவனுக்கு என்ற பங்கீட்டை வெள்ளைத்துரை மனுவிடம் படித்துத் தெரிந்து கொள்ளவில்லை. ஆதிக்கம் எந்த மொழி பேசினாலும் ஒரே இலக்கணந்தான் எழுதும்!

களத்திலே தோழன், கூடத்திலே அயலான்

கிளப்பின் ஊழியன் அற்புதமாகப் பந்து வீசுகிறான் என்ற செய்தி பூனாவின் இந்துக் குழுவுக்கு எட்டியது. வெள்ளையர் குழுவை வெல்ல வேண்டும் என்ற வேட்கை ஒருபுறம். தீண்டாதவனோடு சேர்ந்து ஆடுவதா என்ற நடுக்கம் மறுபுறம். பார்ப்பன உறுப்பினர் பலர் எதிர்த்தனர். தெலுங்கு பேசிய ஆட்டக்காரர் சிலர் ஆதரித்தனர். கடைசியில் வென்றது எது? அறமா? அன்பா? இல்லை, ஆட்டத்தில் வெல்ல வேண்டும் என்ற ஆசை! பாலு குழுவில் சேர்க்கப்பட்டார்.

எப்படிச் சேர்த்தார்கள் என்பதையும் கேளுங்கள். களத்திலே அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். விக்கெட் விழுந்தபோது எல்லோரும் ஆர்ப்பரித்தார்கள். தேநீர் இடைவேளை வந்தது. மற்றவர்கள் உள்ளே போனார்கள், பாலு வெளியே நின்றார். அவர்களுக்குப் பீங்கான் கோப்பை, அவருக்கு மண்குவளை. உணவுக்குத் தனித் தட்டு, தனி இடம். முகம் கழுவத் தண்ணீர் வேண்டுமென்றால், அதை ஊற்றுவதற்கும் தீண்டாத ஊழியன் ஒருவனே வரவேண்டும்!

காலை முதல் மாலை வரை அவர் கைத்திறனை உண்டவர்கள், அவரோடு அமர்ந்து ஒரு வாய் உணவு உண்ண மறுத்தார்கள். இந்த முரண்பாட்டை நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே எடுத்துக் காட்டினார். சேர்ந்து ஆட முடியுமானால் சேர்ந்து உண்ணவும் முடியுமே என்று அந்த ஆட்டக்காரர்களிடம் சொன்னார். மிக எளிய வாதம். எளிய வாதங்களுக்குத்தான் வைதிகம் எப்போதும் விடையின்றித் திணறும்.

தமிழகத்தார்க்கு இந்தக் காட்சி புதியதன்று. சேரன்மாதேவிக் குருகுலத்திலே பார்ப்பனச் சிறுவர்க்கு ஒரு பந்தி, மற்றவர்க்கு ஒரு பந்தி என்று பிரித்து வைத்ததை எதிர்த்து, 1920-களின் நடுவிலே பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் எழுப்பிய புயலை நாம் அறிவோம். நாட்டு விடுதலைக்குப் பயிற்சி தரும் கூடமாம். நாக்கு நனைக்கும் தண்ணீருக்குத் தனிப்பானையாம்! பூனாவின் மண்குவளையும் சேரன்மாதேவியின் தனிப்பானையும் ஒரே சூளையில் வெந்தவை.

பம்பாயில் வீசிய காற்று

1896-ஐ ஒட்டிப் பாலு பம்பாய்க்குப் பெயர்ந்தார். அங்கே பரமானந்ததாஸ் ஜீவன்தாஸ் இந்து ஜிம்கானாவிலும் எதிர்ப்பு முணுமுணுத்தது. குழுத் தலைவர் கீர்த்திகர் உறுதியாக நின்றதால் கதவு திறந்தது. பம்பாய்-பரோடா-மத்திய இந்திய இரயில்வேயில் வேலையும் கிடைத்தது. பூனாவைவிடப் பம்பாய் ஒருபடி முன்னே சென்றது. அங்கே உணவுக் கூடத்திலும் பாலுவுக்கு இடம் கிடைத்தது. துறைமுகமும் தொழிற்சாலையும் இரயிலும் மனிதரை மனிதரோடு நெருக்கித் தள்ளும் நகரிலே, அக்கிரகாரத்து அளவுகோலை நீட்டிப் பிடிப்பது கடினம் அல்லவா?

1906 பிப்ரவரி. வங்கப் பிரிவினையின் கொதிப்பு அடங்காத நேரம். பம்பாயிலே வெள்ளையர் குழுவை இந்துக் குழு எதிர்த்தது. இந்துக்கள் 242, 160; வெள்ளையர் 191, 102. ஆண்டவன், அடிமைப்பட்டவனிடம் 109 ஓட்டங்களில் தோற்றான்! அந்த வெற்றியைத் தாங்கிய தூண்களில் ஒன்று பாலுவின் இடக்கை. அவர் தம்பி சிவராமும் அந்தக் குழுவில் இருந்தார். அன்று பம்பாயிலிருந்து வெளிவந்த 'இந்தியன் சோஷியல் ரிபார்மர்' ஏடு, இந்தச் சகோதரர்களைச் சேர்த்துக் கொண்டதுதான் வெற்றியினும் பெரிய செய்தி என்ற கருத்துக்கு இடம் தந்தது. மேடையில் முழங்கிய சீர்திருத்தம் காதோடு நின்றது. மைதானத்திலே நடந்த சீர்திருத்தத்தை ஆயிரக்கணக்கான இளைஞர் கண்ணாலே கண்டனர்.

1911-இல் பாட்டியாலா மகாராசா தலைமையில் இந்தியக் குழு ஒன்று இங்கிலாந்து சென்றது. பதினான்கு முதல்தர ஆட்டங்களில் வென்றவை இரண்டே. மன்னர் தலைமையேற்ற குழுவை மானங்காத்தவர் யார்? மூன்று ரூபாய் ஊழியராக வாழ்வைத் தொடங்கியவர்! அந்தப் பயணம் முழுவதிலும் பாலு வீழ்த்திய விக்கெட்டுகள் 114. நாடு திரும்பியதும் பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் கூடி அவரைப் பாராட்டினர். தம்மில் ஒருவன் கடல் கடந்து சென்று, கொற்றவர் நாட்டிலேயே பெயர் பொறித்து வந்தான் என்ற செய்தி, தலை குனிந்தே பழகியவர்களை நிமிர்ந்து பார்க்கச் செய்தது. அன்று கல்லூரி மாணவராக இருந்த அம்பேத்கரும் பாலுவைப் போற்றியவர்களில் ஒருவர்.

தலைமை யாருக்கு?

பாலு, சிவராம், கண்பத், விட்டல் என உடன்பிறந்தார் நால்வரும் இந்துக் குழுவுக்கு ஆடினர். ஆனால் குழுவின் தலைமை? அது மட்டும் கைக்கெட்டவில்லை. பந்து வீசு என்றார்கள், வீசினார். இன்னும் வீசு என்றார்கள், தோள் நோக வீசினார். தலைமை கேட்டபோது மட்டும், திறமையைவிடப் பிறப்பு மூத்ததாகி விட்டது. தலைவராக இருந்த எம். டி. பை என்பவரே, இந்தப் பெருமை மூத்தவரும் தேர்ந்தவருமான பாலுவுக்கே உரியது என்று 1913-இல் மேடையிலே வெளிப்படையாகக் கூறினார். அவர் பெருந்தன்மை அவரோடு நின்றது. ஆட்சிக் குழுவின் செவியில் ஏறவில்லை.

1920 வந்தது. பாலு நீக்கப்பட்டார். தலைமைக்கு உரியவரான விட்டலும் தாண்டப்பட்டார். அப்போதுதான் அந்தச் சகோதரர்கள் பந்தைக் கீழே வைத்தார்கள். விட்டலும் சிவராமும் குழுவிலிருந்து விலகினர். சாதியின் பெயரால் இழைக்கப்படும் இந்த இழிவை ஏற்கோம் என்று செய்தி ஏட்டிலே அறிக்கை விட்டனர். ஆட்டத்தால் திறக்காத கதவு, ஆட மறுத்தபோது அசைந்தது! அதே ஆண்டின் இறுதி ஆட்டத்துக்குப் பாலு துணைத் தலைவராக அழைக்கப்பட்டார். தலைவர் களத்தைவிட்டு வெளியே சென்ற சிறிது நேரம், குழுவை நடத்தும் பொறுப்பும் அவர் கையில் இருந்தது. 1923-இல் விட்டல் தலைவரானார்; கோப்பையும் வென்றார். தொட்டால் தீட்டு என்றவர்களின் பிள்ளைகள் அவரைத் தோள்மீது தூக்கிக் கொண்டு ஆர்ப்பரித்தனர். அடுத்த ஆண்டு, 1924-இல், வைக்கத்துத் தெருவில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறை சென்றார். பம்பாயில் தோளில் ஏறும் மனிதன். வைக்கத்தில் தெருவில் நடக்கவும் முடியாத மனிதன்! ஒரே நாடு, ஒரே காலம்.

இதிலே ஒரு பாடம் இருக்கிறது, தோழர்களே! திறமை வாயிற்கதவைத் திறந்தது. போராட்டமே தலைமைக் கதவைத் திறந்தது. விளையாடவிட்டால் போதும், சாதி தானாக விழுந்துவிடும் என்று இனிமையாகப் பேசுவோர் இந்த இரண்டாம் பகுதியை மறந்துவிடுகிறார்கள்.

புகழ் யாருடைய உடைமை?

இன்னொரு பாடமும் உண்டு. அது சற்றுக் கசப்பானது. அந்தப் பந்தயங்களின் அமைப்பையே பாருங்கள். வெள்ளையர், பார்சி, இந்து, முஸ்லிம் என்று மதத்தால் வகுத்த குழுக்கள்! சாதிச்சுவரில் ஓர் ஓட்டை விழுந்த அதே களத்தில் மதச்சுவர் ஓங்கி நின்றது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப்பின் 1946-இல்தான் அந்தப் பந்தயம் முடிவுக்கு வந்தது. வெள்ளையனை வெல்லுவதற்குப் பாலு இந்து. வென்றபின் விருந்துண்ணப் பாலு தீண்டாதவர் என்ற கணக்கு, அந்த அமைப்புக்குள்ளேயே ஒளிந்து கிடந்தது.

1932-இல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் பாலுவும் ஒருவர். நம் சென்னையைச் சேர்ந்த எம். சி. இராசாவும் ஒருவர். தனித்தொகுதி கேட்ட அம்பேத்கரின் பாதைக்கு இருவருமே மாறுபட்டு நின்றவர்கள். 1937 தேர்தலில் பம்பாயிலே அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரசு நிறுத்திய வேட்பாளர் யார்? பாலுவேதான்! அம்பேத்கருக்கு 13,245 வாக்குகள், பாலுவுக்கு 11,225. ஒரு காலத்தில் பாலுவைக் கண்டு பூரித்த மாணவர், பாலுவையே வென்று சட்டமன்றம் சென்றார். பாலு 1955-இல் மறைந்தார்.

பாலுவைக் குறை கூற இதை எழுதவில்லை. மண்குவளையை ஏந்திய அந்தக் கைக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஒடுக்கப்பட்ட மக்களுக்கென அன்று சொந்தமாக ஒரு மைதானம் இல்லை. சொந்தமாக ஒரு சங்கம் இல்லை. எனவே அவர்களுள் எழுந்த வீரனின் புகழ், அவனுக்கு இடம் கொடுத்தவர்களின் பெட்டியிலே போய்ச் சேர்ந்தது. தேவைப்பட்டபோது அவர்கள் அதை எடுத்துச் செலவு செய்தார்கள். தனிவீரன் உயர்ந்தான், சேரி அங்கேயே இருந்தது. விளையாட்டால் ஒரு சமுதாயம் உயர வேண்டுமென்றால், ஆடுபவன் மட்டுமல்ல, ஆட்டத்தை நடத்துபவனும் அந்த மக்களிலிருந்தே வரவேண்டும்.

சிறைத்தீவும் குப்பைமேடும்

வந்த இடங்கள் உண்டா? உண்டு. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவு. நிறவெறி அரசை எதிர்த்தவர்களை அடைத்து வைத்த கடற்சிறை. கல் உடைத்துக் கை புண்ணான கைதிகள் 1960-களிலே ஒரு கோரிக்கை எழுப்பினர்: கால்பந்தாட உரிமை கொடு! சிறை அதிகாரம் மறுத்தது; அவர்கள் விடவில்லை; ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்து வென்றனர். 1969-இல் மகானா கால்பந்துக் கழகம் எழுந்தது. அதே தீவிலே முற்காலத்தில் சிறைப்பட்டு, தப்பும் முயற்சியில் கடலிலே மாண்ட கோசா இனத் தலைவன் ஒருவனின் பெயர் அது. உலகக் கால்பந்துச் சட்டங்களை வரிக்கு வரி பின்பற்றினர். செயற்குழு, நடுவர் குழு, முறையீட்டுக் குழு என எல்லாம் கைதிகளே! வெளியே வெவ்வேறு அரசியல் இயக்கங்களாகப் பிரிந்து நின்றவர்கள், உள்ளே ஒரே விதிக்குக் கட்டுப்பட்டு ஆடினர். நாட்டை ஆளத் தகுதியற்றவர் என்று வெள்ளையரசு இகழ்ந்த மக்கள், சிறைக்குள்ளே ஒரு சிறிய குடியரசை நடத்திக் காட்டினர். 2007-இல் உலகக் கால்பந்துக் கழகமான ஃபிஃபா, மகானாவைத் தன் மதிப்புறு உறுப்பாக ஏற்றது.

கென்ய நாட்டு நைரோபி நகரில் மதாரே என்றொரு சேரி. அள்ளுவாரற்ற குப்பை, தேங்கி நாறும் நீர், அதனால் பரவும் நோய். அங்கே 1987-இல் இளைஞர் விளையாட்டுக் கழகம் ஒன்று தொடங்கியது. அதன் விதி நம் நெஞ்சைத் தொடுவது. ஆட்டத்தில் வென்றால் புள்ளி உண்டு. குழுவாகச் சேர்ந்து தெருக் குப்பையை அகற்றினாலும் ஆறு புள்ளி உண்டு! பந்தயப் பட்டியலில் மேலே ஏற வேண்டுமா? காலும் வேலை செய்ய வேண்டும், கையும் வேலை செய்ய வேண்டும். பின்னர்ப் பெண்களும் ஆட வந்தனர். அந்தச் சேரியிலிருந்து எழுந்த மதாரே யுனைடெட் குழு 2008-இல் கென்ய நாட்டின் தலைமைப் பந்தயத்தையே வென்றது. இங்கே வீரனும் உயர்ந்தான், தெருவும் உயர்ந்தது.

நம் ஊர் மைதானம்

இனி, நம் ஊருக்கு வருவோம். மைதானம் என்று ஒன்று இருக்கிறது, அது யாருக்கு? ஊர்த்தெருப் பிள்ளைகள் ஒரு குழு, சேரிப் பிள்ளைகள் ஒரு குழு என்று ஆடும் ஊர்கள் இன்றும் இல்லையென்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? சாதித் தலைவர் படம் பொறித்த பனியனும், சாதி நிறம் தீட்டிய கோப்பையும் எங்கும் இல்லையென்று சொல்ல முடியுமா? அது விளையாட்டன்று; பந்தை வைத்து நடத்தும் படை வகுப்பு. அதற்குக் கொட்டும் மேளம், பூனாவின் மண்குவளை உடைபட்ட ஓசையின் எதிரொலி.

நாம் வேண்டுவது பெரிய செலவு பிடிக்கும் திட்டமன்று. குழுக்களைத் தெருவால் பிரிக்காதீர்கள். சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். எல்லோர்க்கும் ஒரே தண்ணீர்ப்பானை வையுங்கள்; ஆட்டம் முடிந்ததும் ஒரே பந்தியில் உண்ணுங்கள். தலைமையைச் சுற்றுமுறையில் கொடுங்கள். தலைமை ஏற்றுப் பழகாதவன் தகுதியற்றவன் என்று பழி சுமத்துவதைத்தானே காலங்காலமாகச் செய்து வந்திருக்கிறார்கள்! பெண் பிள்ளைகளைக் கோட்டுக்கு வெளியே நின்று கைதட்டுவோராக வைக்காதீர்கள். அவர்களுக்கும் களத்தில் நேரம் ஒதுக்குங்கள். சேரித்தெரு விளக்குக்கும் சாக்கடைக்கும் உழைக்கும் குழுவுக்கு மதாரேயைப் போலப் புள்ளி கொடுங்கள். கணக்குப் பாடம் முடியவில்லை என்று விளையாட்டு மணியைப் பறித்துக் கொள்ளும் ஆசிரியர்களுக்கும் ஒரு சொல்: பிள்ளைகள் சமத்துவத்தைப் புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்கிறார்கள், மைதானத்தில்தான் அதைத் தொட்டுப் பழகுகிறார்கள். தொட்டுப் பழக வேண்டிய பாடம் அல்லவா அது!

பாலுவின் கையிலே பந்தைக் கொடுத்து, கோப்பையைப் பறித்தது அன்றைய சமுதாயம். இன்றைய பிள்ளையின் கையிலே பந்து இருக்கட்டும். பக்கத்திலே அதே கோப்பையும் இருக்கட்டும். மைதானத்தின் சாவியும் இருக்கட்டும். அந்த மூன்றும் ஒருசேர இருக்கும் ஊரிலே தீட்டுக்கு நிற்க இடமேது?